வணக்கம் வைத்த அடிக்கல்

பழைய குப்பைமேட்டில் சூரிய மின்தகடு வைக்கலாமா, வேண்டாமா என்று பார்த்துச் சொல்லும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், உங்கள் ஆண்டு மலருக்கு என் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். கணக்கு போடும் முறையை நான் எழுதப் போவதில்லை. அதை உங்கள் கணினி என்னைவிட நன்றாகப் போடும். நடுவில் டீ குடிக்க எழுந்தும் போகாது. அதற்குப் பதிலாக நான் செய்த ஒரு விஷமத்தை எழுதுகிறேன். வேலைக்காலம் முழுவதிலும் நான் தெரிந்தே செய்த தப்பு அது ஒன்றுதான். தெரியாமல் செய்தவற்றை எழுதினால் இந்த மலர் முழுவதும் எனக்கே வேண்டியிருக்கும்.

இரண்டாயிரங்களின் பிற்பகுதி, மின்வெட்டுக் காலம். நான் சென்னையில் ஒரு மண் பரிசோதனை நிறுவனத்தில் இருந்தேன். வீடு அரக்கோணத்தில். திருத்தணியிலிருந்து ஆர்.கே.பேட்டை போகும் பக்கத்தில் ஓர் ஊராட்சி. பெயர் வேண்டாம். அந்த ஊருக்கு வெளியே சாலையை ஒட்டி ஒன்பது ஏக்கர் குப்பைமேடு இருந்தது. குப்பை கொட்டுவதை நிறுத்திச் சில வருடங்கள் ஆகியிருந்தன. மேலே மண் போட்டு மூடியிருந்தார்கள். புல்லும் வேலிகாத்தானும் முளைத்து, தூரத்திலிருந்து பார்த்தால் நல்ல நிலம் போலவே இருக்கும். அதில் தகடுகளை வைத்து மின்சாரம் எடுக்க வேண்டும் என்று ஊராட்சித் தலைவர் ஆசைப்பட்டார்.

தலைவரைத் தப்பாக நினைக்காதீர்கள். ஐம்பது தாண்டியவர், வெள்ளைச் சட்டை, எப்போதும் அவசரம். ஊரில் பாதி வீடுகளில் விசைத்தறி. மின்சாரம் போனால் தறி நிற்கும். தறி நின்றால் எல்லோரும் அவர் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். சும்மா கிடக்கும் நிலம், சும்மா அடிக்கும் வெயில், இரண்டையும் சேர்த்துவிட்டால் என்ன என்று அவர் கேட்டதில் ஒரு குற்றமும் இல்லை. அது முடியுமா என்று சொல்லத்தான் என்னை அனுப்பினார்கள்.

முதல் வேலை வெயிலை அளப்பது. திருத்தணிப் பக்கத்தில் வெயில் போதுமா என்று கேட்பதே வேடிக்கைதான். ஆனாலும் எண் வேண்டும். கண்ணாடிக் குமிழ் வைத்த கருவி ஒன்றை மேட்டின் ஓரத்தில் ஒரு கம்பத்தில் பொருத்திவிட்டு, வாரம் ஒருமுறை போய்ப் பதிவை எடுத்துவந்தேன்.

பதிவில் ஒரு விசித்திரம் இருந்தது. தினமும் காலை ஒன்பதரைக்கு வெயில் சுத்தமாக நின்றுபோகிறது. பத்து நிமிடம் கழித்துத் திரும்புகிறது. மாலையில் ஐந்து மணிக்கும் அப்படியே. மாலையில் நடப்பதை மலை நிழல் என்று எழுதிவிட்டேன். காலையில் நடப்பதற்கு ஒரு கொள்கையே உருவாக்கினேன். மலையில் மோதும் காற்று மேலே ஏறிக் குளிர்ந்து, குறிப்பிட்ட நேரத்தில் ஒரு சிறு மேகமாகி இந்த மேட்டைக் கடக்கிறது என்று இரண்டு பக்கம். யாரையும் பாராட்டிப் பழக்கமில்லாத எங்கள் மேலாளர் "நல்ல கவனிப்பு" என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அந்த மேகம் வரவில்லை. அதற்கும் ஒரு காரணம் எழுதினேன். அது என்ன என்று இப்போது கேட்காதீர்கள்.

என் மேகத்தை நேரில் பார்க்க ஆசைப்பட்டு ஒருநாள் ஒன்பதரைக்கு அங்கே போய் நின்றேன். சாலையிலிருந்து ஒரு அம்மா தோளில் கோணிப்பையோடு ஏறி வந்தார். நேராகக் கருவியிடம் போனார். தோளில் இருந்த துண்டை எடுத்துக் கண்ணாடிக் குமிழின் மேல் போட்டு, நாலு பக்கமும் இழுத்து மூடினார். புதருக்குப் பின்னால் போனார். திரும்பி வந்தபோது புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை போட்டு, தலையில் முண்டாசு கட்டியிருந்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். மேகம் கலைந்தது.

அவர்தான் தேசம்மா. அந்த மேடு குப்பைக்கிடங்காக இருந்த காலம் முழுவதும் அங்கே பிளாஸ்டிக்கும் இரும்பும் பொறுக்கியவர். கிடங்கை மூடிய பிறகும் ஓரங்களில் கிளறி எடுத்துக்கொண்டிருந்தார். கருவியை ஏன் மூடினீர்கள் என்று கேட்டேன்.

"இன்னாமா இது, கண்ணு மாதிரி முழிச்சிகினு கெடக்குது. அது எதிர்ல எப்டி துணி மாத்தறது?"

அது படம் எடுக்காது, வெயிலை மட்டும்தான் பார்க்கும் என்று விளக்கினேன்.

"பாக்குது இல்ல?" என்றார்.

கருவியை வேறு இடத்துக்கு மாற்றினேன். மேலாளருக்கு உண்மையை எழுதினேன். அவர் திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் காரணம் மட்டும் யார் யோசித்தது என்று கேட்டார். அதற்குத் திட்டே வாங்கியிருக்கலாம்.

அடுத்தது நிலம். வெயிலைப் பற்றிய தப்பு நம்மை அசடாக்குவதோடு நின்றுவிடும். நிலத்தைப் பற்றிய தப்பு மற்றவர்களையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். குப்பைமேடு சும்மா கிடப்பதில்லை. உள்ளே மக்கிக்கொண்டே இருக்கும், அமிழும், சாண எரிவாயு போலக் காற்றைக் கக்கும். தகடு நிற்கும் இரும்புக் கால்கள் ஒன்று இறங்கி ஒன்று இறங்காமல் போனால் எல்லாம் முறுக்கிக்கொள்ளும். அதனால் மேட்டில் ஆறு சோதனைக் குழிகள் எடுக்க ஏற்பாடு செய்தேன். ஆறிலும் செங்கல், காரை, உடைந்த ஓடு. கெட்டியான தரை. எனக்கு ஏக சந்தோஷம்.

தேசம்மா தூரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறாவது குழியை மூடும்போது எழுந்து வந்தார்.

"நல்ல எடமா பாத்து பாத்து தோண்டிகினு கீறியே மா. வண்டி போற எடத்துல மட்டும்தான் தோண்டுவியா?"

அவர் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. ஆட்களும் ஜீப்பும் வசதியாகப் போய் நிற்கக்கூடிய இடங்களாகத்தான் நான் தேர்ந்தெடுத்திருந்தேன். அது கிழக்குப் பக்கம். யாரோ இடித்த பழைய கட்டடங்களின் இடிபாடு முழுக்க அங்கேதான் வந்து விழுந்திருக்கிறது. தேசம்மா என்னை மேற்குப் பக்கம் அழைத்துப் போனார். காலை எங்கே வைக்க வேண்டும் என்று அவர் காட்டக் காட்ட நான் வைத்தேன். அங்கே முன்பு ஒரு குட்டை இருந்ததாம். திருவிழாக் காலங்களில் சாலையோரக் கடைகளில் சேரும் இலை, மாலை, தேங்காய் மட்டை, கவர் எல்லாம் வருடா வருடம் அந்தக் குட்டையில்தான் கொட்டப்பட்டு மேடானது. மழைக்காலத்தில் அவர் அந்தப் பக்கம் காலே வைக்கமாட்டார். ஒருமுறை முழங்கால்வரை போய்விட்டதாம்.

அங்கே ஒரு குழி தோண்டினோம். ஆள் உயரம் போயும் கறுப்புச் சேறுதான். மட்டை மட்டையாக வந்தது. நாற்றத்தில் தோண்டியவர்கள் ஏறி வந்துவிட்டார்கள். ஊராட்சிக் காகிதத்தில் குட்டை என்ற சொல்லே இல்லை. 'மேடு' என்று ஒரே வார்த்தைதான்.

தலைவரிடம் போய்ச் சொன்னேன். கிழக்கில் மூன்று ஏக்கர்தான் தேறும், மீதி ஆறு ஏக்கரை ஒரு மழைக்காலமாவது அளந்து பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. மூன்று ஏக்கரில் வருவதை வைத்து எத்தனை தறி ஓடும்? அதோடு அவர் ஏற்கெனவே எல்லோரிடமும் சொல்லிவிட்டிருந்தார். பெரிய மனிதர் ஒருவரை அடிக்கல் நாட்டவும் கூப்பிட்டாயிற்று.

"ஆடி பொறந்துட்டா ஒண்ணும் ஆரம்பிக்க முடியாது மேடம். ஆனிலயே கல்லு நட்டாவணும். நீங்க அறிக்கய நெதானமா குடுங்க. அது பாட்டுக்கு அது, கல்லு பாட்டுக்கு கல்லு."

கல்லை எங்கே வைப்பதாக உத்தேசம் என்று கேட்டேன். சாலையில் போகிறவர்கள் கண்ணில் படும்படி மேற்குப் பக்கம் என்றார். அங்கே நிற்காது என்றேன். கல் எங்கேயாவது நடந்து போகுமா என்று சிரித்தார். சென்னைக்குப் போன் போட்டேன். வாடிக்கையாளரிடம் சண்டை போட வேண்டாம், சொல்ல வேண்டியதை அறிக்கையில் சொல்லிக்கொள் என்றார் மேலாளர்.

இங்கேதான் எனக்குள் விஷமம் புகுந்தது. என் பேச்சை ஒருவரும் கேட்கவில்லை என்ற கோபம் வேறு. மறுநாள் தலைவர் என்னையே இடம் காட்டச் சொன்னார். மேற்குப் பக்கத்தில் நடந்தேன். தேசம்மா எங்கே காலை வைக்கவேண்டாம் என்றாரோ, அந்த இடத்தின் ஓரத்தில் போய் நின்று, இங்கே வையுங்கள், பார்வையாக இருக்கும் என்றேன். தலைவருக்கு ஒரே மகிழ்ச்சி. மழை பெய்யட்டும், நான் சொல்லாததை இந்தக் கல் சொல்லும் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். அமிழ்வை அளக்க இதைவிடக் கனமான, இதைவிட அலங்காரமான கருவி எனக்கு வேறெங்கே கிடைக்கும்?

பீடம் கட்ட வந்தவர் தணிகாசலம் மேஸ்திரி. பள்ளிப்பட்டுக்காரர். தலைவருக்கு ஏதோ ஒரு வழியில் மச்சான் முறை. தலைவர் அவரை "பாவா" என்றுதான் கூப்பிடுவார். மேஸ்திரி வந்ததும் கடப்பாரையைத் தூக்கித் தரையில் ஒரு போடு போட்டார். அது இறங்கின விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. மறுபடியும் போட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"மேடம், மண்ணு புடி இல்லாம கீது. கடக்கால் ஆழமா எடுத்து கருங்கல்லு போட்டுகினு வரட்டுமா?"

நல்ல மேஸ்திரி கேட்க வேண்டிய கேள்வி. நல்ல பொறியாளருக்கு அதற்கு ஒரே பதில்தான் உண்டு. நான் சொன்னது வேறு. வேண்டாம், சின்னப் பீடம்தானே, சாதாரணமாகக் கட்டுங்கள் போதும் என்றேன். ஆழமாக அஸ்திவாரம் போட்டுவிட்டால் என் வேடிக்கை கெட்டுவிடுமே. அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு, படித்தவர் சொல்கிறாரே என்று தலையை ஆட்டிவிட்டு வேலையை ஆரம்பித்தார். ரசமட்டம் வைத்து வைத்துக் கட்டினார். அந்தப் பீடத்தைப் போல நேராக ஒரு பீடத்தை நான் பார்த்ததில்லை.

விழா நன்றாக நடந்தது. பந்தல், மேளம், சால்வை. வந்த பெரிய மனிதர் இனிமேல் இந்த ஊரில் மின்வெட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது மைக் நின்றுவிட்டது. மின்வெட்டுதான். அவர் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஜனங்கள் கைதட்டினார்கள்.

ஆடி பிறந்தது. சாயங்காலங்களில் இடியும் மழையும். நான் வாரம் ஒருமுறை போய்ப் பீடத்தின் மேலிருந்து தூக்குக்குண்டு விட்டுப் பார்த்துக் குறித்துவந்தேன். முதல் வாரம் ஒன்றுமில்லை. இரண்டாவது வாரம் ஒரு விரல். பெரிய மழை ஒன்று பெய்த பிறகு நாலு விரல். கல் திருத்தணி முருகன் மலையைப் பார்க்கச் சாய்ந்தது. தேசம்மா அதற்கு அழகாக ஒரு பெயர் வைத்தார். கல்லு வணக்கம் வைக்குது என்றார். இருவரும் சிரித்தோம். நான் எழுதப்போகும் அறிக்கையில் இந்தக் கல்லின் படத்தை எந்தப் பக்கத்தில் போடுவது என்றுகூட முடிவு செய்துவிட்டேன்.

அடுத்த வாரம் போனபோது கல்லைச் சுற்றி ஆட்கள். தலைவர் நடுவில் நின்று மேஸ்திரியைச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். பெரிய மனிதரின் பெயர் வெட்டிய கல் குப்புற விழப்பார்க்கிறது, படத்தோடு பத்திரிகையில் வந்துவிட்டால் யார் முகத்தில் விழிப்பது என்ற பயம் அவருக்கு. மேஸ்திரி கையில் கரண்டியோடு தலைகுனிந்து நின்றார். "யோவ் மேஸ்திரி" என்றார் தலைவர். பாவா என்ற சொல் அன்றைக்கு அவர் வாயில் வரவில்லை.

மேஸ்திரி ஒரே ஒருமுறை என் பக்கம் பார்த்தார். நான் தூக்குக்குண்டின் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தேன். சுற்றி முடித்த பிறகும் சுற்றினேன்.

வாய் திறந்திருக்க வேண்டிய நேரம் அது. திறக்கவில்லை. அறிக்கை வந்தால் தானாக விளங்கிவிடும், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கே ஒரு சமாதானம். தேசம்மா அன்றைக்கு என்னோடு சிரிக்கவில்லை. கோணிப்பையை எடுத்துக்கொண்டு தன் பாட்டுக்குப் போனார்.

அதற்குள் ஆடிக் கிருத்திகை நெருங்கிவிட்டது. மஞ்சள் துணியும் காவடியுமாக ஜனங்கள் அந்தச் சாலையில் போக ஆரம்பித்துவிட்டார்கள். மலையைப் பார்த்துக் குனிந்து நிற்கும் கல் யார் கண்ணில் முதலில் பட்டதோ தெரியவில்லை. கிருத்திகைக்கு மூன்று நாள் முன்னால் தேசம்மா டீக்கடைக்காரரை விட்டு எனக்குப் போன் செய்யச் சொன்னார். பிறகு அவரே வாங்கிப் பேசினார்.

"கல்லுக்கு மஞ்ச பூசிட்டாங்க மா. கல்பூரம் ஏத்தறாங்க. நேத்து ஒருத்தர் ஏத்தினது கல்பூரம் தீந்தும் எரிஞ்சிகினே இருந்திச்சி. அடில நீலமா. நான்தான் மண்ணு அள்ளி போட்டு அணச்சேன்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. பீடம் சாயும்போது அதன் அடியில் மண் விரிசல் விட்டிருக்கிறது. அந்த விரிசல் வழியாக உள்ளே இருக்கும் எரிவாயு வருகிறது. மேலே எரிகிற நீலச் சுடர் சின்னதுதான். அது உள்ளே இருக்கும் மட்டையைப் பிடித்துவிட்டால் மாதக்கணக்கில் புகையும். எங்கே குழி விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த இடத்தில் கூட்டமாக ஜனங்கள் நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தலைவருக்குப் போன் செய்து முதலில் வேலி போடச் சொன்னேன். நாலு குச்சி நட்டுக் கயிறு கட்டினார். கிருத்திகை அன்று கற்பூரம் ஏற்றாதே என்று யாரிடம் சொல்வது, நீங்களே வந்து சொல்லிப் பாருங்கள் என்றார்.

கிருத்திகை அன்று காலை போய் இறங்கியபோது கயிறு கீழே கிடந்தது. ஐம்பது அறுபது பேர் நின்றிருந்தார்கள். கல்லில் மாலை, சந்தனம், எலுமிச்சம்பழம். ஒருவர் தட்டில் கற்பூரத்தோடு தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தார். கல்லுக்கு முன்னால் தேசம்மா தண்ணீர்க்குடத்தோடு உட்கார்ந்திருந்தார். ஏற்கெனவே இரண்டு பேர் ஏற்றியதை ஊற்றி அணைத்திருக்கிறார். அவர் தலைமுடியெல்லாம் கலைந்திருந்தது. கீழே குட்டை, காற்று வருகிறது என்று அவர் சொல்லச் சொல்ல, குப்பை பொறுக்குகிறவளுக்கு என்ன தெரியும் என்று சத்தம் எழுந்தது.

நான் நடுவில் புகுந்தேன். பொறியாளர் என்றேன், அடையாள அட்டையைக் காட்டினேன், எரிவாயு என்றேன். நாலு பேர் பின்னால் போனார்கள். மற்றவர்கள் நகரவில்லை. இத்தனை கல் உலகத்தில் இருக்க இந்தக் கல் மட்டும் ஏன் மலையைப் பார்த்து வணங்குகிறது, அதற்குப் பதில் சொல்லுங்கள் என்றார் காவடி வைத்திருந்த ஒரு பெரியவர். நியாயமான கேள்வி. நிலம் அமிழ்கிறது என்றேன். அமிழ்கிற நிலத்தில் யாராவது கல் வைப்பார்களா என்று கேட்டார். அதுவும் நியாயமான கேள்விதான்.

அப்போதுதான் கூட்டத்தின் ஓரத்தில் மேஸ்திரியைப் பார்த்தேன். சாய்ந்த நாளிலிருந்து தினமும் வந்து தன் பீடத்தைப் பார்த்துவிட்டுப் போகிறாராம். அவர் முன்னால் வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"மேடம், கடக்கால் ஆழமா எடுக்கட்டுமானு உங்கள கேட்டனா இல்லயா?"

சுற்றிலும் இருந்தவர்கள் என் பக்கம் திரும்பினார்கள். அந்த ஒரு நொடியில் என் மூளை எத்தனை வேகமாக வேலை செய்தது தெரியுமா? அறிக்கை, மேலாளர், உத்தியோகம், என் பெயர் எல்லாவற்றையும் ஒரு சுற்று சுற்றி வந்தது. தட்டுக்காரருக்குத் தீப்பெட்டி கிடைத்துவிட்டிருந்தது.

"கேட்டீங்க" என்றேன். "நான்தான் வேண்டாம்னு சொன்னேன். இந்த இடம் அமிழும்னு எனக்கு முன்னாடியே தெரியும். கல்லு சாயட்டும்னுதான் இங்க காட்டினேன்."

ஒருவருக்கும் முதலில் புரியவில்லை. மறுபடியும் சொன்னேன். தலைவர் என் பேச்சைக் கேட்காத கோபம், மழை வந்தால் கல் சாயும் என்ற கணக்கு, மேஸ்திரியின் மேல் ஒரு தப்பும் இல்லை என்பது, எல்லாவற்றையும் விட்டுவிடாமல் சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு சின்னப்பிள்ளைத்தனம் என்று எனக்குக் கேட்டது. காவடிப் பெரியவர் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்போ கல்லு தானா சாயல. நீங்க சாச்சீங்க."

ஆமாம் என்றேன். யாரோ ஒரு பெண் பக்கென்று சிரித்தார். அது பரவியது. கொஞ்ச நேரத்தில் அறுபது பேரும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் வாழ்நாளில் அவ்வளவு பேர் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை. ஆனால் சிரித்துக்கொண்டே கற்பூரம் ஏற்ற முடியாது என்பதை அன்றைக்குத்தான் கண்டேன். தட்டுக்காரர் தீப்பெட்டியை மடியில் செருகிக்கொண்டார். தேசம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"சாமி மேல கீறாரு. ஏறி போய் பாருங்க" என்றார் மலையைக் காட்டி.

அரோகரா என்று ஒருவர் குரல் கொடுக்க, கூட்டம் சாலைக்கு இறங்கியது.

தலைவர் நடுவிலேயே வந்துவிட்டிருக்கிறார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டிருக்கிறார். என்னைத் தாண்டிப் போனார். மேஸ்திரியின் தோளில் கை வைத்து, "பாவா, வா, டீ சாப்டலாம்" என்றார். மேஸ்திரி உடனே நகரவில்லை. கொஞ்சம் காக்க வைத்துவிட்டுத்தான் போனார். அந்தக் கொஞ்ச நேரம் தலைவர் கை அவர் தோளிலேயே இருந்தது.

மறுநாள் கல்லை எடுத்து, விரிசலை மண் போட்டு மூடி, நல்ல வேலி போட்டார்கள். தலைவர் சென்னைக்கு எழுதினார். மேலாளர் என்னை நாலு மாதம் வெளியே அனுப்பவில்லை. மற்றவர்களின் அறிக்கைகளில் எழுத்துப்பிழை திருத்த உட்கார வைத்தார். அதுவும் நியாயம்தான். என் அறிக்கையை மட்டும் அவர் ஒரு சொல்கூட மாற்றவில்லை. கிழக்கில் மூன்று ஏக்கர் தேறும். மேற்கில் காற்று வெளியேறக் குழாய் இறக்கி, சில வருடங்கள் அளந்த பிறகே யோசிக்க வேண்டும். மேற்குப் பக்கம் குட்டை இருந்ததைச் சொன்னவர் என்று தேசம்மாவின் பெயரையும் எழுதியிருந்தேன். அதிலும் அவர் கை வைக்கவில்லை. அன்றைக்கு விற்ற விலையில் மூன்று ஏக்கருக்கும் தகடு வாங்க முடியவில்லை. குடிநீர் மோட்டார் ஓடும் அளவுக்கு மட்டும் கிழக்குப் பக்கத்தில் வந்தது. தறிக்காரர்களுக்கு விடியவில்லை. அந்த வருத்தம் தலைவருக்கு இருந்தது, எனக்கும் உண்டு. ஆனால் அந்தத் தகடுகள் நேராக நின்றன. கீழே கடக்கால் எடுத்தவர் தணிகாசலம் மேஸ்திரி. எவ்வளவு ஆழம் என்று அவர் யாரையும் கேட்கவில்லை.

வெளியே போக மறுபடியும் அனுமதி கிடைத்ததும் முதல் வேலையாகப் பள்ளிப்பட்டில் அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான். வழியெல்லாம் வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். மோர் கொடுத்தார். நான் ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். கல் சாய்ந்திருந்த அந்த வாரங்களில் அவருக்கு ஒரு வேலையும் வரவில்லையாம். ஊரில் அவரைச் 'சாஞ்ச மேஸ்திரி' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்களாம். சொல்லும்போது கோபமாகத்தான் இருந்தார். தன் மோரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"எடம் தெரிஞ்சிதான் காட்றேன்னு அன்னிக்கே சொல்லி இருந்தா நானும் சிரிச்சிகினு கட்டி இருப்பேன் மேடம். அத்தோட வெளயாட்டு ரெண்டு பேர்துன்னு ஆயிருக்கும். என்ன சேத்துக்கல நீங்க."

எனக்குத் தயார் செய்த வாக்கியம் ஒன்றும் உதவவில்லை. ஆமாங்க என்று மட்டும் சொன்னேன். நான் உங்களுக்குச் சொல்ல நினைப்பதை அவர் அதைவிட நன்றாகச் சொல்லிவிட்டதால், நான் மேலே எதுவும் சேர்க்கவில்லை. விஷமம் செய்யாதீர்கள் என்று உங்களிடம் சொன்னால் நீங்களே நம்பமாட்டீர்கள். செய்தால் அதன் கனம் யார் தலையில் இறங்கும் என்று மட்டும் முதலில் பாருங்கள்.

இப்போதும் அவரைச் சாஞ்ச மேஸ்திரி என்கிறார்களா என்று புறப்படும்போது கேட்டேன். கிருத்திகைக்குப் பிறகு அந்தப் பேர் நின்றுவிட்டது என்றார். சொல்லிவிட்டு முதன்முறையாகச் சிரித்தார். ஏன் சிரிக்கிறார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

திரும்பும்போது மேட்டை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று டவுன் பஸ்ஸில் ஏறினேன். நல்ல கூட்டம். அந்த ஊர் நிறுத்தம் வந்தது. நான் எழுந்திருப்பதற்குள் கண்டக்டர் விசில் கொடுக்கப் போய், என்னைப் பார்த்துவிட்டு விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"வழி வுடுங்கப்பா, சாச்ச மேடம் எறங்கறாங்க."

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. இறங்கினேன்.